மூணாவது கதவுல ஸ்டீமர்

வாங்க தம்பி. செருப்ப அங்கயே உட்டுட்டு வாங்க. உங்க கம்பெனிக்கு நாலு தடவ போன் பண்ணியாச்சுங்க. நாலு தடவையும் ஒண்ண அமுத்து, ரெண்ட அமுத்துன்னு சொல்லிட்டு கடைசில ஒரு பாட்டப் போட்டு உட்டுட்டாங்க. அறுபத்தியொரு வயசு மனுசன் காதுல போன வெச்சுட்டு பாட்டுக் கேட்டுட்டு உக்காந்திருக்கேன். சரி, உங்களச் சொல்லி என்ன பண்றது. அனுப்பற எடத்துக்கு வர்றீங்க. பேரு என்னங்க? நவநீதனா. நல்லதுங்க. என் பேரு சென்னியப்பன்.

இருங்க, இருங்க. பையத் தொறக்காதீங்க. மெஷின அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இந்தச் சேர்ல உக்காருங்க. நடந்தது என்னன்னு உங்களுக்குத் தெரியணும். ஏன்னா, பாத்து முடிச்சதும் நீங்க எனக்கு ஒரு ஒதவி பண்ணணும். எங்க ஊட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். தப்பு மெஷின் மேலதாங்கம்மா, உங்க ஊட்டுக்காரர் மேல இல்லீங்கன்னு. அவ்வளவுதான். நான் சொன்னா நம்ப மாட்டா. நம்பறதுக்கு அவ இங்க இருந்தாத்தான? பத்தொம்பது நாளாச்சுங்க. சூலூர்ல, அவ தங்கச்சி ஊட்டுல இருக்கா.

எதுக்குப் போனாங்கறீங்களா? வெளிய சொன்னா சிரிப்பாங்க. நான் குடிக்கறவனா? இல்ல. கை நீட்டறவனா? முப்பத்தியொரு வருசத்துல ஒரு நாள் கெடையாது. துணிக்கு ஆவி காட்டற மெஷின வாங்கி, அலமாரிக்குள்ள அழகா வெச்சுக் குடுத்தேன். அதுக்குப் போயிட்டா. எவனாவது கேள்விப்பட்டிருக்கானா இத?

எந்திரிங்க, அலமாரியக் காட்டறேன். வாங்க இந்த ரூமுக்கு.

இதாங்க. செவுத்தோட சேர்த்து அடிச்சது. மூணு கதவு. இந்த ரெண்டு என்னுது, அந்த மூணாவது அவளுது. தொறங்க, நீங்களே தொறந்து பாருங்க. எப்படி இருக்குது? தெனமும் எத்தன ஊட்டுக்குப் போறீங்க, எவனாவது இப்படி வெச்சிருக்கானா? நீங்க விக்கற மெஷின அவனவன் ஹால் மூலைல நிறுத்தி, அதும்மேல துண்டக் காயப் போட்டிருப்பான். நான் அப்படியில்லீங்க. நடுவால இருந்த தட்டு நாலையும் அறுத்து எடுத்துட்டு, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே வெளியா ஆக்கினேன். உள்ள மூணு பக்கமும் அலுமினியத் தகடு. எதுக்கு? ஆவி பட்டா பிளைவுட்டு உப்பிக்கும். கீழ பாருங்க, சொட்டற தண்ணியப் புடிக்க எவர்சில்வர் தட்டு. பின்னால செவுத்த ஓட்ட போட்டு எக்ஸாஸ்ட் ஃபேனு. பிளக்குக்கு தனி ஒயரு, தனி சுச்சு. கதவத் தொறந்தா உள்ள லைட்டு எரியும். ஆசாரி மூணு நாள் வேல செஞ்சாப்ல, மூணு நாளும் நான் சோறு தண்ணி இல்லாம பக்கத்துலயே நின்னேன்.

நான் ஒண்ணும் விவரம் தெரியாதவன் இல்லீங்க. முப்பத்தி மூணு வருசம் சைசிங்ல மெயின்டனன்ஸ் பாத்தவன். சைசிங்னா தெரியுங்களா? தறிக்குப் போற பாவு நூலுக்குக் கஞ்சி போடற எடம். பாய்லர்ல இருந்து ஆவி வரும், தொட்டில கஞ்சி வேகும், நூலு அதுல முங்கி, சூடான டிரம்மு மேல சுத்திக் காஞ்சு வெளிய வரும். கஞ்சி ஒரு பங்கு கூடுனா நூலு ஒடியும், ஒரு பங்கு கொறஞ்சா தறில பஞ்சாப் பறக்கும். அந்தப் பக்குவமெல்லாம் இந்தக் கையில இருந்துச்சு. ஆவின்னா என்ன, கஞ்சின்னா என்னன்னு எனக்கு இன்னொருத்தர் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

என்ன கேட்டீங்க? என் கதவு ரெண்டுல ஒண்ண எடுத்திருக்கலாமேன்னா? அதுல சாமான் இருக்குதுங்களே தம்பி. பாருங்க, இது பூரா பேரிங்கு. இது மோட்டாரு காயிலு. இது கம்பெனில எனக்குக் குடுத்த செவுத்துக் கடியாரம், ஓடாது, ஆனா தூக்கிப் போட முடியுமா? இந்தப் பொட்டில பழைய கரண்டு பில்லு, தொண்ணூத்தி ரெண்டுல இருந்து. இதையெல்லாம் எங்க கொண்டு போய் வெக்கறது? அவளுது வெறும் துணிதான. துணிய எங்க வேணும்னாலும் மடிச்சு வெக்கலாம்.

வசந்தாமணி இஸ்கூல் ஹெட்மாஸ்டருங்க. இங்க இருந்து பஸ்சுல இருவது நிமிசம், நடுநிலைப்பள்ளி. வர்ற மே மாசம் அவளுக்கும் ரிட்டயர்மென்ட். தெனமும் காட்டன் சேலதான் கட்டுவா. ஞாயித்துக்கெழமையானா ஜவ்வரிசி காச்சி, ஆறு சேலைக்கும் கஞ்சி போட்டு மாடில காயப் போட்டிருவா. அப்புறம் தெனமும் காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு இந்த ரூமுக்கு வருவா. இந்தா, இந்த எடத்துல, அலமாரிக்கு முன்னால, கம்பளிய நாலா மடிச்சுப் போட்டு, அதும்மேல பழைய வேட்டிய விரிச்சு, தரையில உக்காந்து தேய்ப்பா. அவ சேல ஒண்ணு, என் சட்ட ஒண்ணு. கதவச் சாத்திக்குவா. நான் ஹால்ல படுத்திருப்பேன், லைட்டு மூஞ்சில அடிக்கும்னு சாத்தறான்னு நெனச்சுக்குவேன். அஞ்சு நாப்பதுக்கு வெளிய வந்தா காப்பி வந்துரும்.

போன ஆனி மாசம் நான் ரிட்டயர் ஆனேன். ஊட்டுல உக்காந்து பாக்கறப்பத்தான் தெரியுது, இந்த ஊட்டுல எவ்வளவு நேரம் வீணாப் போகுதுன்னு. அவ பாத்திரம் வெளக்கற வரிச சரியில்ல. மாவு ஆட்டற நாள் சரியில்ல. ஒண்ணொண்ணாச் சொல்லிக் குடுத்தேன். சரிங்க சரிங்கன்னு கேட்டுக்குவா. இந்தத் தேய்க்கற வேலைய வாட்ச்ச வெச்சுட்டு ஒரு வாரம் கணக்கெடுத்தேன். தெனமும் நாப்பது நிமிசம். ஒரு சேலைக்கும் ஒரு சட்டைக்கும் நாப்பது நிமிசம். எங்க சைசிங்ல ஒருத்தன் இப்படி வேல பாத்தான்னா அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிருவேன்.

சரி, பாவம், முட்டிவலிக்காரி, தரையில உக்காந்து சிரமப்படறாளேன்னு நெனச்சேன். நெசமாத்தான் சொல்றேன் தம்பி, அவ நல்லதுக்குத்தான் செஞ்சேன். நாலு நாள் ட்ரெய்னிங்னு ஈரோடு போனா. அந்த நாலு நாள்ல எல்லாத்தையும் முடிச்சேன். ஈரோட்டுல இருந்து வந்தவளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து இந்தக் கதவத் தொறந்து காட்டினேன். லைட்டு பளிச்சுன்னு எரிஞ்சுது. பாத்துட்டே நின்னா. அப்புறம் கேட்டா, "என் துணியெல்லாம் எங்கீங்க?" மேல அட்டாலில, பொட்டில போட்டுக் கட்டி வெச்சிருக்கேன்னு சொன்னேன். "இஸ்திரிப் பொட்டி?" அதக் கடைல எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டேன்னு சொன்னேன். ஒண்ணுமே பேசலீங்க. சந்தோசத்துல பேச்சு வரலயாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்.

கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கற சார்ட்டப் பாத்தீங்களா? நான் எழுதுனது. தண்ணி ஊத்த ஒரு நிமிசம், சூடாக ஒரு நிமிசம், சேல முன்பக்கம் நாலு, பின்பக்கம் மூணு, சட்ட மூணு. மொத்தம் பன்னெண்டு. நாப்பதுல பன்னெண்டு போனா இருவத்தெட்டு. இருவத்தெட்டு நிமிசம் தெனமும் மிச்சம் தம்பி. அந்த நேரத்துல என்ன பண்றதுன்னு அவளுக்குக் கொழப்பம் வரக்கூடாதேன்னு அதையும் நானே சொன்னேன். காலைல தெனமும் உப்புமா, இட்லின்னு ஓட்டறா. வாரம் மூணு நாள் சந்தகை புழியலாம், தேங்காப்பால் ஊத்தி. எனக்குச் சந்தகைன்னா உசுரு. ரிட்டயர் ஆன மனுசன், சூடா ரெண்டு வாய் சாப்பிடணும்னு ஆச இருக்காதுங்களா?

மொதல் வாரம் பழக்கமில்லாம தடுமாறுனா. அதுக்காக நானும் அஞ்சு மணிக்கே எந்திரிச்சு, இந்தா இந்தக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு பக்கத்துலயே இருந்தேன். கதவச் சாத்தாத, ஆவி வெளிய போகணும்னு சொன்னேன். ஆவி வர்ற ஓஸ் பைப்ப இப்படிப் புடி, மேல இருந்து கீழ வா, அவசரப்படாதன்னு சொல்லிக் குடுப்பேன். வாட்ச்சப் பாத்து முன்பக்கம் முடிஞ்சுது, திருப்புன்னு சொல்லுவேன். எந்த ஊட்டுக்காரன் இப்படிப் பொண்டாட்டி கூட எந்திரிச்சு உக்காந்திருப்பான், சொல்லுங்க.

ரெண்டாவது வாரம் ஆரம்பிச்சா. "ஏனுங்க, சுருக்கம் போகுதுங்க, ஆனா கஞ்சி போட்ட மொடமொடப்பும் போயிருதுங்க. காட்டனுக்கு அழுத்தித் தேய்க்கணுங்க." நாலாம் நாள் சொல்றா, மூணாப்புப் புள்ள ஒண்ணு கேட்டுச்சாம், டீச்சர், உங்களுக்கு ஒடம்பு சரியில்லீங்களான்னு. சேல தொளதொளன்னு இருந்தா ஒடம்பு சரியில்லையா? அது கேட்டுச்சோ, இவளே சொல்றாளோ. அடுத்த நாள் மெதுவா வந்து, "சின்னதா ஒரு இஸ்திரிப் பொட்டி நானே வாங்கிக்கட்டுங்களா"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அப்ப நான் மூணு நாள் நின்னு செஞ்சது எதுக்கு? செவுத்த ஓட்ட போட்டது எதுக்கு? இந்த ஊட்டுல ரெண்டுல ஒண்ணுதான் இருக்கும், இஸ்திரிப் பொட்டி வந்தா நான் வெளிய போறேன்னு சொல்லிட்டேன். வாய மூடிட்டுப் போயிட்டா. அந்தப் பேச்சு அத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

அப்புறம் வந்துச்சு ஆண்டு விழா. அவளுக்கு அது கடைசி ஆண்டு விழா. அதுக்குன்னு கத்திரிப்பூக் கலர்ல ஒரு காட்டன் சேல எடுத்து வெச்சிருந்தா. கஞ்சி போட்டுக் காய வெச்சிருந்தா. அன்னிக்கு அவளுக்கு முன்னால நாலரைக்கே நான் எந்திரிச்சு, டேங்குல தண்ணி ரொப்பி, எல்லாம் தயாரா வெச்சேன். தண்ணிதானுங்க. வேறென்ன. ஆர்.ஓ. தண்ணி. அவ வந்து சேலைய மாட்டிட்டு சுச்சப் போட்டா. ஒரு நிமிசம் நல்லாத்தான் வந்துச்சு. அப்புறம் உங்க மெஷினு கரகரன்னு இருமுச்சு. இருமிட்டு, ஓஸ் வாயில இருந்து பொளிச் பொளிச்சுன்னு துப்புச்சு பாருங்க. சேல முன்னால பூரா. கொசுவம் எங்க வருமோ அங்க.

அவ ஓஸ் பைப்ப அப்படியே கீழ வெச்சா. சேலையில ஒரு எடத்த வெரல்ல தொட்டா. வெரல மூக்குகிட்டக் கொண்டு போனா. என்னப் பாத்தா. தேய்க்கப் பொட்டி இல்ல, மத்த சேலையெல்லாம் அட்டாலில பொட்டிக்குள்ள கசங்கிக் கெடக்குது. ஈரத்துணியில தொடச்சு அதையேதான் கட்டிட்டுப் போனா. காஞ்சதும் வெள்ள வெள்ளையாத் திட்டு. தொடச்ச எடமெல்லாம் தொங்குது.

சாயங்காலம் நானும் போனேன். முன்வரிசைல உக்கார வெச்சாங்க. மேடைல லைட்டுப் போட்டதும் அந்தத் திட்டு இன்னும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. எனக்குப் பின்னால உக்காந்திருந்த பொம்பள சொல்றா, "பாவம், பெரிய டீச்சர், சேலயக்கூட மாத்த நேரமில்லாம ஓடியாந்திருக்குது." நான் திரும்பல. வசந்தாமணி நல்லாத்தான் பேசுனா. கடைசியா நன்றி சொன்னா. கூட வேல பாத்தவங்க, சத்துணவு சமைக்கற அம்மா, ஊருக்காரங்க, மணியடிக்கறவர் வரைக்கும் பேரு சொன்னா. நான் சட்டக் காலர இழுத்து உட்டுட்டு உக்காந்திருக்கேன். என்னச் சொல்லலீங்க. முடிஞ்சதும் கூட்டத்துல பாத்தா ஆளக் காணல. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு சூலூர் பஸ் ஏறிட்டாங்கன்னு ஒரு வாத்தியார் சொல்றாரு.

ராத்திரி பூரா போன் பண்ணேன், எடுக்கல. அடுத்த நாள் எடுத்தா. சேலைக்குத்தான கோவம், ஒண்ணுக்கு ரெண்டா எடுத்துத் தர்றேன் வான்னேன். சேலைக்கு இல்லன்னா. பின்ன எதுக்குன்னேன். அப்பச் சொன்னா பாருங்க ஒரு வார்த்த. "எனக்குன்னு அந்த நாப்பது நிமிசம்தான் இருந்துச்சு. அதையும் எடுத்துட்ட." எடுத்துட்ட. எடுத்துட்டீங்க இல்ல. முப்பத்தியொரு வருசத்துல அவ வாயில இருந்து என்ன அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. சொல்லிட்டு வெச்சுட்டா. அதுல இருந்து என் நம்பர்னா எடுக்கறதில்ல.

நீங்களே சொல்லுங்க தம்பி, அதுக்கு என்ன அர்த்தம்? நான் எங்க எடுத்தேன்? நான் மிச்சம் பண்ணியில்ல குடுத்தேன்? இருவத்தெட்டு நிமிசம் முழுசா அவ கையில குடுத்தேன். படிச்சவ, எட்டாப்பு வரைக்கும் கணக்குச் சொல்லித் தர்றவ, அவளுக்கு இந்தக் கழித்தல் தெரியாதா?

போன வாரம் நேர்லயே போனேன். இஸ்கூலுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி புடிக்கணும்னு மொத பஸ்சுக்கே போயிட்டேன். அஞ்சேகால் இருக்கும். கொழுந்தியா ஊட்டுல வாசல் தெளிச்சிருக்கு, கதவு சாத்தியிருக்கு, பக்கவாட்டு ரூமுல லைட்டு எரியுது. ஜன்னல் வழியாப் பாத்தேன். தரையில கம்பளிய விரிச்சுப் போட்டு உக்காந்து தேய்ச்சுட்டு இருக்கா. புதுசா ஒரு இஸ்திரிப் பொட்டி. சேலைய ஒரு முழம் தேய்ப்பா, தண்ணி தெளிப்பா, அப்புறம் சும்மா உக்காந்திருப்பா. எங்கயோ பாத்துட்டு. அப்புறம் ஒரு முழம். பாடிட்டு இருந்தாளுங்க. சத்தமாப் பாடல, வாய்க்குள்ள. ஆனா பாட்டுதான். நல்ல கொரல். எனக்குத் தெரிஞ்சு வசந்தாமணி பாட மாட்டா. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்பவே பாடத் தெரியாதுன்னுதான் சொன்னாங்க.

நான் கூப்பிடலீங்க. கேட்டுட்டே நின்னுட்டு அடுத்த பஸ்சுல வந்துட்டேன். பஸ்சுல வர்றப்ப எனக்கு அவ்வளவு கோவம். என்ன உட்டுட்டு வந்த எடத்துல உக்காந்து பாடறாளே. இங்க நான் கடைல இட்லி வாங்கித் தின்னுட்டு இருக்கேன், அவ அங்க பாடறா.

இங்கயும் பாடியிருப்பாங்களோன்னா? இந்த ரூமுலயா? கதவு சாத்தியிருக்குமே தம்பி. எனக்கெப்படிக் கேக்கும்? ஹால்ல ஃபேன் வேற ஓடும்.

சரி. கதை முடிஞ்சுது. இப்பத் தொறங்க மெஷின. டேங்கக் கழட்டிப் பாருங்க. என்ன கோளாறுன்னு கண்டுபுடிங்க, அத அவகிட்டச் சொல்லுங்க.

என்ன பாக்கறீங்க? வெள்ளையா? உப்பாத்தான் இருக்கும், இந்த ஊர்த் தண்ணி அப்படி. ஆர்.ஓ. தண்ணின்னுதான் சொன்னேன், ஆமா. ஆர்.ஓ. தண்ணிலயும் கொஞ்சம் உப்பு இருக்கும். உப்பு இப்படிப் பசையா ஒட்டாதுங்களா. ஓசுக்குள்ளயும் இருக்குதா. ஹீட்டர்ல கருகிப் புடிச்சிருக்குதா. மோந்து பாக்காதீங்க தம்பி, எதுக்கு மோந்து பாக்கறீங்க.

சரிங்க. கஞ்சிதான். ஜவ்வரிசிக் கஞ்சி. நல்லா நீர்க்கக் காச்சி, மல்லுத்துணியில ரெண்டு தடவ வடிகட்டித்தான் ஊத்தினேன். மொடமொடப்பு இல்ல, மொடமொடப்பு இல்லன்னு தெனமும் சொன்னா இல்ல? ஆவியும் கஞ்சியும் சேர்ந்து போனா சேல நிக்கும்னு நெனச்சேன். சைசிங்ல அதான நடக்குது. அன்னிக்கு அவ மேடையேறுனா எல்லாரும் பாக்கணும், சேல கத்தியாட்ட நிக்கணும், அப்ப நான் சொல்லணும், பாத்தியா, உன் இஸ்திரிப் பொட்டியில இது வருமான்னு.

சிரிக்காதீங்க. கஞ்சி ஆவியாகாதுன்னு எனக்குத் தெரியாதா? தண்ணிதான் ஆவியாப் போகும், கஞ்சி அடியில தங்கும், கருகும், அடைக்கும். சைசிங்குக்கு வர்ற பையனுங்களுக்கு மொத நாள் நான் சொல்லிக் குடுக்கறதே அதுதான். நாலரை மணிக்கு டேங்குல ஊத்தறப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஊத்தினேன். ஒருவேள வந்துட்டா? ஒரு நாளைக்கு, ஒரு தடவைக்கு வந்துட்டா? அவ சொன்னது சரின்னு ஒத்துக்கறதுக்கு எனக்கு வாய் வரலீங்க. வேறொண்ணும் இல்ல.

அது கெடக்கட்டும். நீங்க உங்க போன எடுங்க. உங்க நம்பர்ல இருந்துதான் போடணும். இன்னிக்குச் சனிக்கெழம, லீவுதான், புது நம்பர்னா புள்ளைங்களப் பெத்தவங்க யாராவதுன்னு எடுத்துருவா. கஞ்சியப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம். பம்பு கோளாறு, இல்ல ஹீட்டர் கோளாறுன்னு எதையாவது ஒண்ணச் சொல்லுங்க. உங்க கம்பெனிக்கு என்ன கொறஞ்சு போயிடும்? நம்பர் சொல்றேன், போடுங்க. ஸ்பீக்கர்ல வைங்க. ரிங் போகுது. எடுத்துட்டா. பேசுங்க, பேசுங்க.

வெச்சுட்டா.

நீங்க எதுக்குத் தம்பி கஞ்சின்னு சொன்னீங்க? நான் அவ்வளவு தூரம் சொல்லியும். பொய் சொல்ல வராதா. நல்லது, இருங்க அப்படியே, உங்களுக்குப் பொண்டாட்டி கோவிச்சுட்டுப் போனா அப்பத் தெரியும்.

கேட்டீங்களா அவ சொன்னத? "கஞ்சின்னு எனக்கு அன்னிக்குக் காலைலயே தெரியும் தம்பி, ஜவ்வரிசி வாசம் எனக்குத் தெரியாதா. அதுக்காக நான் இங்க வரல." எவ்வளவு அமைதியாச் சொல்றா பாருங்க. உங்ககிட்ட அப்படிப் பேசறா. "வெயில்ல வந்திருப்பீங்க, மோர் கீர் குடுத்தாரா"ன்னு கேக்கறா. நான் குடுக்கல, ஆமா, மறந்துட்டேன். அப்புறம் கேட்டாளே, அதையும் கேட்டீங்கல்ல. "பக்கத்துல இருக்காருன்னு தெரியும். அந்த நாப்பது நிமிசம் தெனமும் நான் என்ன பண்ணீட்டு இருந்தேன்னு அவரைச் சொல்லச் சொல்லுங்க. சொன்னார்னா நாளைக்கே வர்றேன்."

நாளைக்கே வர்றேன்னு சொன்னா. நானும் ஒடனே சொன்னேனே, உங்க முன்னாலதான சொன்னேன்? துணி தேய்ச்சுட்டு இருந்தன்னு. சரியான பதில்தான? வேறென்ன பண்ணீட்டு இருந்தா? முப்பத்தியொரு வருசம் எனக்குத் தேய்ச்ச சட்ட வந்துச்சு, அவ தேய்ச்ச சேலையோட போனா. அப்பத் துணிதான தேய்ச்சா? இதுல என்ன தப்பு? பதிலச் சொன்னதும் வெச்சுட்டா. ஒரு பெருமூச்சு உட்ட மாதிரி இருந்துச்சு. உங்களுக்கும் கேட்டுதுங்களா?

நீங்க ஏன் தலையக் குனிஞ்சுட்டு ஸ்க்ரூ முடுக்கீட்டு இருக்கீங்க? உங்களுக்குத் தெரியுமா என்ன பண்ணீட்டு இருந்தான்னு? உங்களுக்கு எப்படித் தெரியும். எனக்கே தெரியல. கதவுக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவன் நான், அந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? வாட்ச்ச வெச்சுக் கணக்கெடுத்தேன், எத்தன நிமிசம்னு மட்டும்தான் தெரியும். கேட்டாத்தான தெரியும். நான் கேட்டதில்லீங்க. முப்பத்தியொரு வருசத்துல ஒரு நாள்கூட, உள்ள என்னம்மா பண்றன்னு நான் கேட்டதே இல்ல.

மெஷின மூடி வைங்க. அது ஓடுனா ஓடுது, ஓடாட்டிப் போகுது. இன்னொரு தடவ அந்த நம்பர் போடுங்க. இல்ல, நீங்க பேச வேண்டாம், நான் பேசறேன். நான் அவளையே கேக்கறேன். கோவமாத்தான் கேப்பேன், எனக்கு வேற மாதிரி கேக்க வராது. அவ வெச்சுட்டாலும் மறுபடி போட்டுத் தாங்க. போடுங்க தம்பி.